சாவிக்கொத்தும் செஞ்சிக் கோட்டையும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போகிறவர்களை இரண்டு ரகமாகப் பிரிக்கலாம். செஞ்சி வந்ததும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அதோ பாருங்க, தேசிங்கு ராஜா கோட்டை!" என்று பக்கத்து சீட்காரரை எழுப்புகிறவர்கள் ஒரு ரகம். எழுப்பப்படுகிறவர்கள் இன்னொரு ரகம். இறங்கிப் போய்ப் பார்க்கிறவர்கள் என்று மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. அவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடச் சுற்றுலாப் பிள்ளைகள். வாத்தியார் இறக்கிவிட்டதால் இறங்கியவர்கள்.

மற்றவர்களுக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. கிரிவலத்துக்கு நேரமாச்சு. கோட்டை எங்கே ஓடிவிடப் போகிறது? அடுத்த தரம் பார்த்துக்கலாம்.

கோட்டையும் ஓடவில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரயான் துர்க்கம் என்று மூன்று மலைகள். அவற்றைச் சேர்த்துப் பிடித்துக் கட்டிய மாதிரி சுமார் 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில். மலை என்றால் மரமும் மேகமும் நினைக்காதீர்கள். யாரோ லாரி லாரியாகப் பாறாங்கல்லைக் கொட்டிவிட்டு, பில் பாஸாகாத கோபத்தில் அப்படியே விட்டுப் போன மாதிரி இருக்கும்.

என் அப்பா முதல் ரகம். எங்கள் ஊர் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நாற்பது வருஷமாக அந்த ரூட்டில் போய் வந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் என்னை எழுப்பிக் கோட்டையைக் காட்டியிருக்கிறார். தேசிங்கு ராஜன் கதையை முதலிலிருந்து சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

"ஏம்ப்பா?" என்று கேட்டால், "எறங்கிட்டா அடுத்த பஸ்ஸுக்கு மறுபடி டிக்கெட் எடுக்கணுமேடா" என்பார். பி.காம். படித்த என்னாலேயே மறுத்துப் பேச முடியாத கணக்கு.

அப்பா ஒரு நெல் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்து ரிடையர் ஆனவர். ஒரு நெல்லைப் பல்லில் கடித்தே காய்ச்சல் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. ரிடையராகிப் பல வருஷமாகியும் கொத்து இறங்கவில்லை. கிடங்குச் சாவி போய், வீட்டுச் சாவி, கொல்லைக் கதவுச் சாவி, மோட்டார் ரூம் சாவி, என்னவென்று அவருக்கே தெரியாத இரண்டு சாவிகள் என்று அதே எடையில் இருக்கிறது.

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு முற்றுகை நடந்துகொண்டிருந்தது. அப்பா கிராமத்து வீட்டில். நான் சென்னையிலிருந்து படையெடுப்பேன். தங்கை தினமும் ராத்திரி எட்டு மணிக்கு போனில் பீரங்கி வெடிப்பாள். "தனியா எதுக்குப்பா? வந்துடுங்கப்பா." அப்பா அசைய மாட்டார்.

"கொல்லையில கெணறு இருக்கு. குதிர்ல நெல்லு இருக்கு. எனக்கு என்னடா கொறச்சல்?"

பங்குனி மாதம் ஒருநாள் விடிகாலை நாலு மணிக்குக் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். கால் பிசகி எழுந்திருக்க முடியவில்லை. ஆறு மணிக்குப் பால்காரர் வந்து குரல் கொடுக்கும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். எங்களுக்குச் சொல்லவில்லை. பால்காரர் சொல்லித்தான் தெரியும். அதைப் பற்றிக் கேட்டால், "ரெண்டு மணி நேரந்தானே? படுத்துக்கிட்டு நட்சத்திரம் பார்த்தேன்" என்றார்.

ஆவணியில் ஒருவழியாக ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. கண்ணில் புரை; சென்னையில் டாக்டரிடம் காட்டிக்கொள்ள வருவார். பத்து நாள். பதினோராம் நாள் ஊருக்கு பஸ் ஏற்றிவிட வேண்டும். காரில் நான், என் மனைவி, ஆறாம் வகுப்பு படிக்கும் மகன், முன்சீட்டில் அப்பா, அவர் மடியில் சாவிக்கொத்து. பின்சீட்டில் ஒரு தூக்கு நிறைய புளிசாதம்.

செஞ்சி நெருங்கியது. வழக்கம்போல, "அதோ பாரு, தேசிங்கு ராஜா..." என்று ஆரம்பித்தார். நான் பிரேக் போட்டேன்.

"எறங்கிடலாம்ப்பா. டிக்கெட் செலவு கிடையாது."

கொஞ்ச நேரம் கோட்டையையே பார்த்தார். பிறகு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

* * *

வாசலில் டிக்கெட் வாங்கும்போதே என் மகன் செல்போனைப் பார்த்து ஓர் அறிக்கை வாசித்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டதாம். மராட்டியர்களின் ராணுவக் கோட்டைகள் என்று மொத்தம் 12. அதில் 11 மகாராஷ்டிராவில். மிச்சம் ஒன்று நம் செஞ்சி.

"மராட்டியக்காரங்க கோட்டை எப்படிப்பா இங்க வந்துச்சு?" என்றான்.

கட்டியவர்கள் வேறு. கோனார்கள் தொடங்கினார்கள், விஜயநகர நாயக்கர்கள் பெரிதாக்கினார்கள், பிஜப்பூர் சுல்தான் பிடித்தார். 1677-ல் சிவாஜி வந்து அதை பிஜப்பூரிடமிருந்து வாங்கிக்கொண்டார். தன் ஊரிலிருந்து இத்தனை தூரம் தள்ளி எதற்கு ஒரு கோட்டை என்று அன்றைக்கு யாராவது கேட்டிருக்கலாம். பன்னிரண்டு வருஷம் கழித்துப் பதில் கிடைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன். ஏனென்றால் அப்பாவைக் காணோம்.

நாங்கள் கல்யாண மஹாலின் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அடுக்கடுக்காக எழும்பி, உச்சியில் கூம்புத் தொப்பி போட்ட மாதிரிக் கட்டடம். எங்கோ இருக்கும் குளத்திலிருந்து மண்குழாய் வழியாக அதன் மேல் அடுக்குவரை தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். "நம்ம ஃப்ளாட்ல மூணாவது மாடிக்கே ஏற மாட்டேங்குது" என்றாள் என் மனைவி. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் மாமனார் இல்லை.

களஞ்சியத்துக்குள் இருந்தார். செஞ்சியில் எல்லோரும் கோபுரத்தைப் படம் பிடிக்கிறார்கள், பீரங்கிமேல் உட்கார்ந்து போஸ் கொடுக்கிறார்கள். களஞ்சியத்துக்குள் போனவர்கள் வௌவால் நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அப்பா மட்டும் உள்ளே நின்று சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வளைந்த கூரை, தடித்த சுவர். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடி வைத்து நடந்து அளந்தார். பங்குனியில் பிசகிய கால் அது.

"எத்தனை அட்டி போடலாம்னு பாக்கறேன்."

மூட்டைகளை அடுக்கிய அடுக்குக்கு அட்டி என்று பெயர். கிடங்கு பாஷை. விரல் விட்டு எண்ணி ஒரு கணக்குச் சொன்னார். உடனே, காற்றோட்டத்துக்குச் சந்து விடணும் என்று அதில் கொஞ்சம் கழித்தார். எலிக்கும் வண்டுக்கும் இன்னும் கொஞ்சம் கழித்தார். 

"சுவரு என்னா கனம் பாருடா! ஈரம் உள்ள வராது. கட்டுனவனுக்குத் தொழில் தெரிஞ்சிருக்கு."

தேசிங்கு ராஜாவுக்குக்கூட அவர் இப்படி ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்து நான் கேட்டதில்லை.

* * *

களஞ்சியத்து நிழலில் உட்கார்ந்துதான் அவருக்கு அந்த எட்டு வருஷக் கதையைச் சொன்னேன். ஆபீஸில் வேலை பார்க்கும் எவனுக்கும் இது நன்றாகப் புரியும்.

1689-ல் ஔரங்கசீப் மராட்டிய ராஜா சம்பாஜியைப் பிடித்துக் கொன்றுவிட்டார். தலைநகர் ராய்கட் போய்விட்டது. சம்பாஜியின் தம்பி ராஜாராம் மாறுவேஷத்தில் தப்பி, தெற்கே இத்தனை தூரம் வந்து செஞ்சிக்குள் புகுந்துகொண்டார். சிவாஜி எதற்கு இந்தக் கோட்டையை எடுத்தார் என்பதற்குப் பதில் இதுதான். மராட்டிய ராஜ்யமே கொஞ்ச காலம் இந்தப் பாறைகளுக்கு நடுவே குடியிருந்தது.

ஹெட் ஆபீஸ் சும்மா விடுமா? 1690-ல் ஜுல்பிகர் கான் என்ற தளபதியை அனுப்பினார் ஔரங்கசீப். உடனே கோட்டையைப் பிடி என்று உத்தரவு. அந்த ஃபைல் முடிய 1698 ஆகிவிட்டது! பிரதம மந்திரி ஆசாத் கானின் பிள்ளை ஜுல்பிகர். வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று எழுதிய சரித்திர ஆசிரியர்கள் உண்டு. கோட்டை விழுந்துவிட்டால் அடுத்து எங்கே டிரான்ஸ்ஃபரோ என்ற பயமாகவும் இருக்கலாம்!

நடுவில் மேற்பார்வைக்கு என்று ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷும் வந்து சேர்ந்தார். 1692 கடைசியில் மராட்டியத் தளபதிகள் சாந்தாஜியும் தனாஜியும் பெரும்படையோடு வெளியிலிருந்து வந்து, முற்றுகை போட்டவர்களையே முற்றுகை போட்டுவிட்டார்கள். இளவரசர் ரகசியமாக ராஜாராமோடு பேசுகிறார் என்று சந்தேகம். அப்பாவும் பிள்ளையுமாகச் சேர்ந்து சக்கரவர்த்தியின் மகனையே பிடித்துக் காவலில் வைத்துவிட்டார்கள். எம்.டி. மகனை மேனேஜர் ரூமில் வைத்துப் பூட்டுகிற துணிச்சல் நமக்கு வருமா, சார்? முகாமில் தானியம் தீர்ந்துபோய், ராஜாராமோடு சமாதானம் பேசிக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார் ஜுல்பிகர்.

"இரு, இரு" என்றார் அப்பா. "முற்றுகை போட்டவனுக்கே அரிசி இல்லியா?"

"வர்ற வண்டிகளை மராட்டியக்காரங்க மடக்கிட்டாங்கப்பா."

"அதான பார்த்தேன். உள்ள இருக்கறவன் இருப்பு வெச்சிருக்கான். வெளிய இருக்கறவன் தினக்கூலி." அவருக்குத் திருப்தியாக இருந்தது. "அப்புறம்?"

"அப்புறம் திரும்பி வந்தாங்க. 1698-ல கோட்டை விழுந்துது. ஆனா அதுக்குள்ள ராஜாராம் நழுவிட்டாரு. ஜுல்பிகருக்கு வெறும் கோட்டைதான் கெடைச்சுது."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொரு சாவியாகத் தள்ளிக்கொண்டிருந்தார். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். 'போதும், நிறுத்துங்க' என்பதற்கு எங்கள் வீட்டில் அந்தப் பார்வை.

* * *

ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். நேரம் தாண்டினால் மேலே ஏற விட மாட்டார்கள் என்பதால் நானும் மகனும் கிளம்பினோம். அப்பாவும் மனைவியும் கீழே மரத்தடியில். புளிசாதமும் மரத்தடியில்.

படிகள் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. கொஞ்சம் குனிந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கின்றன. வாசல், மதில், மறுபடி வாசல். வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில் அருகே உட்கார்ந்து, என் வயசுக்காரர்கள் எல்லாம் தொப்பையைத் தடவிக்கொண்டு 'இங்கிருந்தே நல்லா தெரியுது' என்று முடிவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். மகன் விடவில்லை.

உச்சிக்குச் சற்று முன்னால் மலை திடீரென்று பிளந்து நிற்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதைத் தாண்ட ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் முடிந்தது கதை. இந்தப் பக்கம் எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் அந்தப் பக்கம் நாலு பேர் போதும்.

மேலே ரங்கநாதர் கோயில், ஒரு பீரங்கி, அங்கேயும் ஒரு களஞ்சியம். காற்று சட்டையைப் பிடுங்குகிறது. கீழே மதில் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பூணூல் மாதிரி ஓடுகிறது. திருவண்ணாமலை ரோட்டில் ஒரு பஸ் தீப்பெட்டி அளவில் போய்க்கொண்டிருந்தது. அதில் யாராவது யாரையாவது எழுப்பிக்கொண்டிருப்பார்கள்.

போன் அடித்தது. அப்பா.

"மேல தண்ணி இருக்கா பாரு."

"தண்ணி பாட்டில் இருக்குப்பா."

"டேய், கோட்டைக்குத் தண்ணி இருக்கா?"

தேடிப் பார்த்தேன். பாறை நடுவே சுனை. "இருக்குப்பா. சுனை."

"சுனையா, மழைத்தண்ணியா?"

"ரெண்டும் உண்டு. கீழ மழைத்தண்ணிக்குக் குளமும் வெட்டியிருக்காங்க."

"சரி. அப்ப எட்டு வருஷம் தாங்கும்" என்று வைத்துவிட்டார்.

* * *

இறங்கி வந்தபோது மரத்தடியில் ஒரு யுத்தம் முடிந்திருந்தது. செஞ்சிக் கோட்டைக்கு இன்றைய ராஜாக்கள் குரங்குகள். முகலாயர்களுக்கு எட்டு வருஷம் பிடித்த இடத்தில் அவர்கள் காரியத்தை எட்டு விநாடியில் முடித்திருந்தார்கள். தூக்கு ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். மதில்மேல் ஒரு தாய்க்குரங்கு வேர்க்கடலையை மட்டும் பொறுக்கிக் குட்டிக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

"சப்ளை போச்சு. இனிமே தாங்காது" என்றார் அப்பா, ஸ்டோர்கீப்பர் குரலில்.

"டவுன்ல ஓட்டல் இருக்கு மாமா" என்றாள் மனைவி.

நடந்துகொண்டே மகன் தாத்தாவிடம் தேசிங்கு கதையைக் கேட்டான். அப்பா ஆரம்பித்தார். நான் எண்ணற்ற தடவை கேட்ட கதை. சரித்திரத்தில் அவன் பெயர் தேஜ் சிங். அப்பன் சொரூப் சிங் இறந்தபின் 1714-ல் கோட்டைக்கு வந்தவன். பாக்கியைக் கட்டு என்று ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பெரும்படையோடு வந்தார். கட்ட மாட்டேன் என்றான் தேசிங்கு. சில நூறு குதிரைவீரர்களோடு எதிர்த்துப் போய் அந்த வருஷமே செத்தான். மனைவி தீயில் இறங்கினாள். அவள் பெயரில்தான் ராணிப்பேட்டை என்று சொல்வார்கள். இன்றைக்கும் தேசிங்கைப் பாடுகிறார்கள். 1960-ல் எம்.ஜி.ஆர். தேசிங்காக நடித்தார். நீலவேணி என்ற குதிரையும் நண்பன் மோவுத்துக்காரனும் வருகிற இடத்தில் அப்பாவின் குரல் எப்போதும் கம்மும்.

இந்த முறை கம்மவில்லை. பாதியில் நின்று களஞ்சியத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய குடோனை உள்ள வெச்சுக்கிட்டு, எதுக்குடா வெளிய போயி சண்டை போட்டான்?"

"வீரம்ப்பா."

"ம். அந்த ராஜாராம் கதையை ஏன் யாரும் கூத்து கட்டலை?"

"தப்பிச்சுப் போனவனுக்கு யாருப்பா கூத்து கட்டுவாங்க?"

"தப்பிச்சு எங்கடா போனான்? எட்டு வருஷம் இருப்பை வெச்சு ஓட்டியிருக்கான். எப்ப கிளம்பணும்னு அவனேதான முடிவு பண்ணியிருக்கான்? கோட்டைன்னா அதுக்குத்தான். சாகிறவரைக்கும் உள்ளயே கெடக்கறதுக்கு இல்ல." கொஞ்சம் நடந்தார். "ஊருக்குப் போயி ஆண்டானா?"

"சதாராவுல. ரெண்டு வருஷம். 1700-ல இறந்துட்டாரு. அப்புறம் அவர் மனைவி தாராபாய் ராஜ்யத்தை நடத்துனாங்க. ஔரங்கசீப்பால கடைசிவரைக்கும் அவங்களை அடக்க முடியலை. 1707-ல அவரும் போய்ட்டாரு."

"பொம்பளையா நடத்துனா?"

"ஆமாம்ப்பா."

"நடத்துவா" என்றார். அதற்குமேல் கார் வரைக்கும் பேசவில்லை.

மகன் விடுவதாக இல்லை. "அப்ப இந்தக் கோட்டையைச் சண்டை போட்டு யாராலும் பிடிக்க முடியாதா?" என்றான். ஏன் முடியாது? 1750-ல் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து ஒரே ராத்திரியில் பிடித்தார்கள். 1761-ல் அவர்களிடமிருந்து பிரிட்டிஷார் வாங்கிக்கொண்டார்கள். பாண்டிச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. எட்டு வருஷம் நின்றதும் அதே மதில்தான், ஒரு ராத்திரியில் விழுந்ததும் அதே மதில்தான். உள்ளே இருக்கிறவர்களைப் பொறுத்தது.

செஞ்சி டவுனில் இலை போட்டுச் சாப்பாடு. அப்பா சோற்றை விரலால் நசுக்கிப் பார்த்து, "பழைய அரிசி. நல்ல அரிசி" என்று சொல்லி மூன்றாம் முறையும் ரசம் வாங்கிக்கொண்டார்.

திண்டிவனம் தாண்டி பைபாஸ் ஏறியதும் அப்பா ஊருக்கு போன் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார் போலிருக்கிறது. இரைச்சலில் கத்திப் பேசினார்.

"மோட்டாரை ரெண்டு நாளைக்கு ஒருக்கா போடு. எறைக்காம விட்டா கெணறு கெட்டுடும்... சாவியா? கொல்லைச் சாவி மாடத்துல வெச்சிருக்கேன். எடுத்துக்க... குதிர்ல நெல்லு இருக்கு பாரு, அதை நல்ல வெயிலாப் பாத்து ஒருதரம் காயப் போட்டுடு. வண்டு வெச்சிடும்... என்னது? பத்து நாளா? யாரு சொன்னா?" திரும்பி எங்கள் யாரையும் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "பொங்கலுக்கு வரேன். புது நெல்லு வந்தப்புறம் பாத்துக்கலாம்."

பின்சீட்டில் என் மனைவி மெதுவாக என் தோளைத் தட்டினாள். நான் கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை. எதையாவது சொல்லிவைத்தால் சமாதான ஒப்பந்தம் கெட்டுவிடும். லாரி ஒன்றுக்கு வழிவிட்டு, கியரை மாற்றி, ஓட்டிக்கொண்டே இருந்தேன்.